போகும்போது ஒழுகும் கார்

எங்கள் பெரியப்பாவிடம் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. மாரிகாலத்தில் அதில் வட்டக்கச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போனால், பரந்தன் கழிந்து ஆனையிறவை நெருங்கும்போது முன் கண்ணாடியின் கீழ் மூலையால் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கும். முதலில் ஒரு சொட்டு, பிறகு நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. இடப்பக்கம் இருப்பவரின் முழங்கால் நனையும். பெரியம்மா அதற்கென்றே பழைய துவாய் ஒன்றை மடியில் விரித்து வைத்திருப்பார்.

பின்னேரம் அதே மழையில், அதே பாதையால் திரும்பி வருவோம். துவாய் நனையாது. வீட்டு முற்றத்தில் வாளி வாளியாக ஊற்றிக் கழுவினாலும் உள்ளே ஒரு சொட்டு வராது.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. கிரவல் றோட்டுக் குலுக்கலில் கண்ணாடி இளகிவிட்டது என்பார் அப்பா. அப்படியென்றால் திரும்பி வரும்போதும் ஒழுகவேண்டுமே. ஒழுக்கு வரும் இடத்தில் பெரியப்பா தார் பூசிப் பார்த்தார், மெழுகு உருக்கி ஊற்றிப் பார்த்தார். அப்பாச்சி ஒன்றே ஒன்று சொல்வார்: "அது ஊரை விட்டுப் போக மனமில்லாமல் அழுகுது."

பழைய கார், பழைய பஸ், பழைய லொறி எதிலாவது மழையில் பயணம் செய்த எவரும் இதைப்போல ஒன்றைக் கண்டிருப்பார். நின்றால் ஒழுகாதது ஓடினால் ஏன் ஒழுகுகிறது? விடை, கண்ணாடியைச் சுற்றி ஓடும் கறுப்பு இறப்பரில் இருக்கிறது. நம் கராஜ்களில் அதற்கு 'பீடிங்' என்று பெயர். நானும் நீண்டகாலம் அதை ஓர் அடைப்பு என்றே நினைத்திருந்தேன். கழற்றிக் கையில் எடுத்த பிறகுதான் அது ஒரு வில் என்று விளங்கியது.

திருகாணி இல்லாத யன்னல்

2009இன் இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் மீளக் குடியமர வந்தபோது, கார் வளவின் பின்புறம் மாமரத்தின் கீழே கிடந்தது. சில்லுகள் இல்லை. இயந்திரம் இல்லை. கதவொன்று இல்லை. முன் கண்ணாடி மட்டும் கீறலின்றி இருந்தது. கல்லாகிப்போன பீடிங் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. பல வருடம் கழித்து அந்தக் காரைத் திரும்பச் செய்ய முடிவெடுத்ததற்கு அந்தக் கண்ணாடிதான் காரணம்.

அதில் திருகாணி எதுவும் இல்லை, பசையும் இல்லை. பீடிங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரு பக்கமும் பள்ளம் உள்ள ஒரு துண்டு தெரியும். ஒரு பள்ளத்துக்குள் கண்ணாடியின் விளிம்பு. மறு பள்ளத்துக்குள் காரின் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு விளிம்பு. இரண்டையும் இறப்பர் இரண்டு கைகளால் பிடித்திருப்பதுபோல. பள்ளத்தின் இரு ஓரங்களையும் இனி 'உதடு' என்று அழைப்போம்.

கண்ணாடியை ஏன் நேரே இரும்பில் பொருத்தக்கூடாது? வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு மீற்றர் அகலக் கண்ணாடி 40 பாகை சூடேறினால் சுமார் 0.36 மில்லிமீற்றர் நீளும். அதே அளவு இரும்பு சுமார் 0.48 மில்லிமீற்றர் நீளும். வித்தியாசம் ஒரு கடதாசித் தாளின் தடிப்பு. அது பெரிய விடயமல்ல. பெரிய விடயம் பாதை. மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். முன்சில்லு ஒன்று கிடங்கில் இறங்கும்போது அந்த உடல் முழுவதும் மெல்ல முறுக்குப்படும். கண்ணாடி முறுகாது. முறுக்கினால் உடையும். முறுகும் ஒன்றுக்கும் முறுகாத ஒன்றுக்கும் நடுவே நின்று இருவரையும் சமாளிப்பதே பீடிங்கின் முதல் வேலை.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தபோது அதன் முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகளாக, நடுவில் ஒரு தூணோடு இருந்தது. 1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000இல்தான் ஒரே வளைந்த கண்ணாடி. தட்டைக் கண்ணாடியை எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டி எடுக்கலாம். வளைந்ததை வெட்ட முடியாது. அதனால் எங்கள் ஊர்ப்பக்கம் வளைந்த கண்ணாடிக் கார் வைத்திருந்தவர்கள் அதைக் கண்ணின் மணிபோலப் பார்த்தார்கள்.

மேசனின் தண்ணீர்க் குழாய்

துவாய்க்கு வருவோம். மேசன்மார் வீட்டு மூலைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர நீளமான தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையில் வாயை வைத்து மெல்ல ஊதினால் அந்தப் பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். கூட ஊதினால் கூட ஏறும். காற்றின் அமுக்கத்தை இப்படித் தண்ணீரின் உயரத்தால் அளக்கலாம்.

இனி பீடிங்கின் அடிப்பகுதிக்கு வாருங்கள். கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தில் இரும்பு விளிம்பு மேல்நோக்கி நிற்கிறது. பீடிங் அதன் மேல் குதிரையேறி இருக்கிறது. பழசாகி இறுகிய வெளி உதட்டுக்கும் இரும்புக்கும் இடையே மெல்லிய இடைவெளி. அதற்குள் மழைநீர் நுழைந்துவிட்டது. ஆனால் இன்னும் அது காருக்குள் வரவில்லை. உள்ளே வரவேண்டுமானால் இரும்பு விளிம்பின் மேல் ஏறி, உச்சியைத் தாண்டி, மறுபக்கம் இறங்கவேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் அணைக்கட்டைத் தாண்டவேண்டியதுபோல. எங்கள் காரில் அந்தச் சின்ன அணைக்கட்டைச் செங்குத்தாக அளந்தேன்: 12 மில்லிமீற்றர்.

கார் நிற்கும்போது அந்த நீரை மேலே தள்ள எதுவும் இல்லை. வாளியால் ஊற்றும் நீர் வழிந்து போய்விடும். கார் ஓடும்போது எதிர்க்காற்று முன் கண்ணாடியின் அடியில் முட்டித் தேங்குகிறது. தேங்கும் காற்று, குழாயில் ஊதும் வாயைப்போலத் தண்ணீரைத் தள்ளுகிறது. எவ்வளவு உயரத்துக்கு?

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று முழுதாகத் தடுக்கப்பட்டால், தண்ணீரைச் சுமார் 7 மில்லிமீற்றர் உயர்த்தும். 60 கிலோமீற்றரில் சுமார் 17. 80 கிலோமீற்றரில் சுமார் 30. வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். 40இலிருந்து 80க்குப் போகும்போது 7 மில்லிமீற்றர் 14 ஆகவில்லை, 30க்குக் கிட்டப் போய்விட்டது. இரண்டு மடங்கு வேகத்தில் ஒவ்வொரு காற்றுத் துளியும் இரண்டு மடங்கு பலமாக முட்டுகிறது. அதே நேரத்தில் முட்டும் துளிகளின் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகிறது. இரண்டு இரண்டு நான்கு.

பெரியப்பா எப்போதும் 60இல்தான் போவார். மாரிகாலத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். ஆனையிறவில் இரு பக்கமும் கடல்நீரேரி. தடுக்க ஒரு பனைகூடக் கிட்ட இல்லை. வடக்கே போகும் காருக்கு அந்தக் காற்று முன்னிருந்து சாய்வாக வருகிறது. மணிக்கு 30 கிலோமீற்றர் வாடையில் சுமார் 20 கிலோமீற்றர் நேரெதிராக வருவதாகக் கணக்கிடலாம். அப்போது கண்ணாடியை முட்டுவது 60 அல்ல, 80. தண்ணீர் 30 மில்லிமீற்றர் ஏறத் தயார். அணைக்கட்டோ 12. பெரியம்மாவின் துவாய் நனைகிறது.

திரும்பி வரும்போது அதே 20 பின்னாலிருந்து தள்ளுகிறது. கண்ணாடிக்குத் தெரியும் வேகம் 40. தண்ணீர் 7 மில்லிமீற்றர் ஏறிப் பார்த்துவிட்டு அணைக்கட்டின் பாதியில் நின்றுவிடுகிறது.

இவை கூடிய அளவுகள். கண்ணாடி சாய்ந்திருப்பதால் காற்று முழுதாகத் தேங்காது, மேலேயும் பக்கத்திலும் நழுவிப்போகும். மூலைக்கு மூலை அளவு மாறும். ஆனாலும் போக்குக்கும் வரத்துக்கும் நான்கு மடங்கு வித்தியாசம் என்பது மாறாது. எங்கள் வீட்டில் முப்பது வருடம் விளங்காமல் இருந்தது இந்த நான்கு மடங்குதான். அப்பாச்சி இருந்திருந்தால் அவருக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். ஊரை விட்டுப் போகும்போது அழுகிறது என்று அவர் கண்ட கணக்கில் பிழை இல்லை.

கைகோர்த்த பிள்ளைகள்

வெளி உதடு இரும்பில் நெருங்கி அழுத்திக்கொண்டிருந்தால் நீர் அந்த இடைவெளிக்குள்ளேயே நுழைந்திருக்காது. புதிய பீடிங் அப்படித்தான் அழுத்தும். பழையது ஏன் அழுத்தவில்லை? அதற்கு இறப்பர் ஏன் அழுத்துகிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

பள்ளிக்கூட மைதானத்தில் நூறு பிள்ளைகள் கைகோர்த்து ஒரே வரிசையாக நிற்பதாக நினையுங்கள். இரு முனையையும் பிடித்து இழுத்து நேராக்குகிறீர்கள். பிள்ளைகள் சும்மா நிற்கமாட்டார்கள். ஆடுவார்கள், இடிப்பார்கள், திரும்புவார்கள். வரிசை வளைந்து நெளிந்து சுருங்க, முனைகளைப் பிடித்திருக்கும் உங்கள் கைகள் உள்ளே இழுபடும். எந்தப் பிள்ளையும் உங்களை இழுக்க நினைக்கவில்லை. நேராக நிற்க ஒரே ஒரு வழிதான் உண்டு, கோணலாக நிற்க ஆயிரம் வழி உண்டு. அதனால் வரிசை தானாகவே கோணலாகிறது.

இறப்பர் அப்படிப்பட்ட கோடிக்கணக்கான வரிசைகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான காபன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. வெப்பம்தான் பிள்ளைகளின் துள்ளல். சூடேறினால் துள்ளல் கூடும், இழுவையும் கூடும். வீட்டிலேயே பார்க்கலாம். ஓர் இறப்பர் வளையத்தில் கொஞ்சம் பாரம் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் சூடான ஒரு பொருளைக் கொண்டுபோங்கள். இரும்பாக இருந்தால் நீளும். இறப்பர் சுருங்கிப் பாரத்தை மேலே தூக்கும்.

ஆனால் வரிசைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் இருந்தால் இழுத்ததும் வழுக்கிப்போய்விடும். மரத்தில் வடிந்த பால் காய்ந்த இறப்பர் அப்படித்தான், வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் போய்விடுவதைக் கண்டார். கந்தக அணுக்கள் பக்கத்து வரிசைகளுக்கிடையே அங்கங்கே முடிச்சுப் போடுகின்றன. இந்தக் 'கந்தக முடிச்சு'களால்தான் இழுத்த இறப்பர் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. முடிச்சுத்தான் அதன் ஞாபகம்.

ஆசியாவின் இறப்பர்க் கதை இந்தத் தீவில்தான் வேர்விட்டது. ஹென்றி விக்கம் அமேசனிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, 1876இல் ஏறக்குறைய 1,900 நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடை தோட்டத்தில் அவை நடப்பட்டன. தெற்கின் ஈரமான மலையடிவாரங்கள் அந்த மரத்துக்குப் பிடித்துப்போயின. வன்னியின் நீண்ட கோடை அதற்கு ஒத்துவராது. எங்களுக்கு இறப்பர் எப்போதும் வெளியூர்ப் பொருள்தான்.

தழும்பும் வெடிப்பும்

பீடிங்கின் உதடு பல வருடம் ஒரே நிலையில் அமுக்கப்பட்டுக் கிடக்கிறது. வெயிலின் சூட்டிலும் காற்றிலுள்ள ஒட்சிசனாலும் பழைய முடிச்சுகள் சில அறுகின்றன, புதிய முடிச்சுகள் விழுகின்றன. புதிய முடிச்சு விழும்போது சங்கிலிகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அந்த நிலையையே அவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அமுங்கிய உருவமே இறப்பருக்குச் சொந்த உருவமாகிவிடுகிறது. அது இனித் திரும்பித் தள்ளாது. இதை 'அமுக்கத் தழும்பு' என்போம். கண்ணுக்குப் பீடிங் முழுதாக இருக்கும். இரும்பைத் தொட்டுக்கொண்டும் இருக்கும். ஆனால் கார் உடல் முறுகி அரை மில்லிமீற்றர் விலகும்போது அதைத் தொடர்ந்து வர அதற்கு இயலாது. பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகக்குறி உடனே மறைந்தால் அது இன்னும் வில். குறி அப்படியே நின்றால் அது வெறும் கறுப்புத் துண்டு.

இன்னொரு எதிரி ஓசோன். மேல் வளிமண்டலத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, நிலத்தருகே வாகனப் புகையில் வெயில் படும்போதும் உண்டாகிறது. பத்துக்கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், இயற்கை இறப்பரின் சங்கிலியை அறுத்துவிடும். அந்தச் சங்கிலியில் சீரான இடைவெளியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் அந்த இடங்களைத் தேடிக் கடிக்கும். 1950களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஆரி ஹாகன்-ஸ்மிட், காற்றில் எவ்வளவு ஓசோன் உண்டு என்பதை அறிய வளைத்த இறப்பர்த் துண்டுகளில் வெடிப்பு விழுவதையே அளவுகோலாகப் பயன்படுத்தினார்.

வளைத்த துண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும் இறப்பரை ஓசோன் மேல்தோலோடு விட்டுவிடும். இழுபட்ட இறப்பரில் அறுந்த சங்கிலி இரு பக்கமும் விலகிக்கொடுக்க, உள்ளேயிருக்கும் புதிய சங்கிலி வெளியே தெரிய, வெடிப்பு ஆழமாகிக்கொண்டே போகும். போத்தலொன்றைச் சுற்றி இழுத்து மாட்டிய இறப்பர் வளையத்தையும், பக்கத்தில் சும்மா வைத்த ஒன்றையும் சில வாரம் வெளியே விட்டுப் பாருங்கள். முதலாவதில் இழுவைக்குக் குறுக்கே வெடிப்புகள் வரிசையாக விழும்.

எங்கள் பீடிங்குக்கு மூன்றாவது எதிரியும் இருந்தது. 1990களில் வன்னிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது இந்தப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீட்டில் எல்லாத் துணியும் மண்ணெண்ணெய் மணக்கும். அந்தத் துணியால் பீடிங்கைத் துடைத்தால் பளபளவென்று புதிதுபோல் தெரியும். பெரியப்பா வாராவாரம் துடைத்தார். மண்ணெண்ணெயும் இறப்பரும் ஒரே குலம், இரண்டும் காபனும் ஐதரசனும். இனம் இனத்தோடு சேரும். எண்ணெய் சங்கிலிகளுக்கிடையே புகுந்து இறப்பரை ஊதவைக்கிறது. ஊதிய இறப்பருக்குப் பலமில்லை. எண்ணெய் ஆவியாகிப் போகும்போது, உள்ளேயிருந்த காப்புப் பொருட்களையும் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். அன்பாகச் செய்த வேலை அது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: பீடிங்கை மண்ணெண்ணெய், பெற்றோல், கிறீஸ் எதனாலும் துடைக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

இப்போது விற்கப்படும் நல்ல பீடிங்குகள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம் என்ற செயற்கை இறப்பரால் ஆனவை. 1960களில் சந்தைக்கு வந்த இதன் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஓசோனுக்குக் கடிக்க இடமில்லை. இவ்வகைச் சங்கிலிகளைக் கோக்க வழிகாட்டிய கார்ல் சீக்லரும் ஜூலியோ நாட்டாவும் 1963இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கயிற்றின் கெட்டித்தனம்

பழையதைக் கழற்றும்போது கண்ணாடியை நெம்பக்கூடாது. பீடிங்கின் உதட்டைக் கத்தியால் சுற்றிவர அரிந்து எடுத்துவிடவேண்டும். எப்படியும் வீசப்போகும் இறப்பருக்காக, கிடைக்காத கண்ணாடியைப் பணயம் வைக்கத் தேவையில்லை. கண்ணாடியின் பலவீனம் அதன் ஓரத்தில்தான். நடுவில் ஒரு கை அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடி, ஓரத்தில் இரும்பு ஆயுதம் ஒன்று தட்டினால் முழுதாகச் சிதறும்.

கழற்றியதும் நாங்கள் கண்டது துரு. பீடிங்குக்கும் இரும்புக்கும் இடையே மயிர்த்துளை இடைவெளியில் புகுந்த நீர் காய்வதில்லை. மழை விட்டு ஒரு கிழமை சென்றாலும் அங்கே ஈரம் நிற்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனானது. ஊதிய விளிம்பு பள்ளத்தைப் பிளந்து உதட்டைத் தூக்கும். கீழ் விளிம்பில் ஒரு கையளவு நீளத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டவேண்டி வந்தது. ஒட்டிய இடத்தில் பட்டிப் பசையைத் தடிப்பாகப் பூசவிடக்கூடாது. தடித்த விளிம்பு பள்ளத்துக்குள் போகாது, போனாலும் மூலையில் கண்ணாடியை முட்டும்.

இனி பொருத்தவேண்டும். புதிருக்குள் இன்னொரு புதிர் இது. பீடிங்கைக் கண்ணாடியில் சுற்றி மாட்டிவிட்டோம். மறு பள்ளம் இரும்பு விளிம்பின் மேல் ஏறவேண்டும். வெளியிலிருந்து வைத்தால் உள் உதடு விளிம்பின் வெளிப்பக்கத்திலேயே மடிந்து நிற்கும். அதை உள்பக்கம் எப்படிக் கொண்டுபோவது?

எங்களுக்கு இந்த வேலையைச் செய்துதந்த கராஜ் அண்ணை ஒரு கொடிக்கயிற்றை எடுத்தார். சுண்டுவிரலில் பாதித் தடிப்பு இருக்கும். வெறும் பள்ளத்துக்குள் அதைச் சுற்றிவர அமத்தினார். இரு முனையும் கீழ் நடுவில் ஒன்றையொன்று ஒரு சாண் தாண்டிப்போய் உள்ளே தொங்கின. சவர்க்காரத் தண்ணீரை இரும்பிலும் இறப்பரிலும் தாராளமாகத் தடவினார். கண்ணாடியை வெளியிலிருந்து நான் உள்ளங்கையால் அழுத்த, அவர் உள்ளேயிருந்து கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுத்தார். கயிறு வெளிவர வெளிவர உதடு விரலளவு விரலளவாக விளிம்பைத் தாண்டி உள்ளே குதித்தது. நான் உள்ளங்கையைக் கயிறு போகும் இடத்துக்கு நேரே நகர்த்திக்கொண்டே போனேன்.

ஒரு சென்ரிமீற்றர் உதட்டைப் புரட்ட ஒரு கிலோ எடையளவு விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் சுற்றளவு ஏறத்தாழ மூன்று மீற்றர் என்றால் முழு உதட்டையும் ஒரே தடவையில் புரட்ட 300 கிலோ வேண்டும். எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது. கயிறோ எந்தக் கணத்திலும் ஒரு சென்ரிமீற்றரை மட்டுமே புரட்டுகிறது. முந்நூறு சின்ன வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக. பையின் சிப் பூட்டுவதும் இப்படித்தான், மசுக்குட்டி ஊர்வதும் இப்படித்தான். உடல் முழுவதையும் அது ஒரே தடவையில் இழுப்பதில்லை, ஒரு மடிப்பை மட்டும் முன்னே அனுப்புகிறது.

மெல்லிய நூல் உதட்டை அறுக்கும். மிகத் தடித்த கயிறு பள்ளத்தில் அமராது. எண்ணெயை ஏன் தடவவில்லை என்பது உங்களுக்கு இப்போது தெரியும். சவர்க்காரத் தண்ணீர் வேலை முடியும்வரை வழுக்கும், பிறகு காய்ந்து இறுக்கும்.

இழுக்காதை, தள்ளு

மூலைகளில் பீடிங் போதாததுபோல் தெரிந்தபோது நான் அதைக் கொஞ்சம் இழுத்தேன். அண்ணை கையைப் பிடித்துவிட்டார்.

"இழுக்காதை தம்பி. தள்ளு. இழுத்தா அது திரும்பப் போகும்."

"இப்ப சரியாத்தானே அண்ணை நிக்குது?"

"இப்ப நிக்கும். ரெண்டு மாசத்தால வந்து பார்."

அவர் சொன்னதற்கு மேலே நாம் பார்த்த இரண்டும் காரணம். இழுபட்ட வரிசை நாளுக்கு நாள் சுருங்கத் தேடும். சவர்க்காரம் காய்ந்த பிறகும், கார் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை நழுவும். வெட்டி மூட்டிய பீடிங் என்றால் மூட்டில் வாய் திறக்கும், வளையமாக வார்த்தது என்றால் மூலையை விட்டுக் குறுக்கே ஓடப் பார்க்கும். ஓசோன் தேடுவதும் இழுபட்ட இறப்பரைத்தான். மூலையின் வெளிவளைவில் இறப்பர் ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. எந்தப் பழைய காரிலும் முதல் வெடிப்பை மூலையில் காண்பது அதனால்தான்.

அதற்கு மாறாக, நேர்ப்பக்கங்களிலிருந்து மூலையை நோக்கிக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி வைத்தால் இறப்பர் அமுங்கி நிற்கும். நீளத்துக்கு வெட்டிப் பொருத்தும் வகையில் அளவைவிட ஒரு சென்ரிமீற்றர் கூட விட்டு வெட்டி, இரு முனையும் ஒன்றையொன்று முட்டித் தள்ளும்படி விடுவார்கள். அமுங்கிய வெடிப்பு திறக்காது. அண்ணைக்குச் சங்கிலியும் தெரியாது, ஓசோனும் தெரியாது. நாற்பது வருடமாகத் திரும்பி வந்த கார்களைப் பார்த்தவர் அவர்.

பூட்டும் பட்டி

சில பீடிங்குகளின் முகத்தில் இன்னொரு ஒடுங்கிய பள்ளம் உண்டு. அதற்குள் வெள்ளி நிறப் பட்டி ஒன்றைச் செருகுவார்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைத்துப் பழசானதும் எறிந்துவிடுகிறார்கள். பட்டி அந்தப் பள்ளத்தைவிடச் சற்று அகலம். செருகியதும் அது ஆப்பைப்போல இறப்பரை இரு பக்கமும் தள்ளும். ஒரு பக்கம் கண்ணாடியில் அழுத்தும், மறுபக்கம் இரும்பில் அழுத்தும். மண்வெட்டிப் பிடிக்குள் அறைந்த ஆப்பை எடுத்துவிட்டு வெட்டப் போவதும், பட்டி இல்லாமல் கார் ஓட்டுவதும் ஒன்றுதான். செருகுவதற்கு, முனையில் கண்ணி உள்ள ஒரு கருவி இருக்கிறது. கண்ணி பள்ளத்தின் வாயைத் திறந்துகொண்டே போக, அதன் நடுவால் பட்டி இறங்கும். கயிற்றின் அதே தந்திரம்தான்.

வினாகிரி மணம்

ஒழுக்கு என்றதும் இன்று எல்லோரும் சிலிக்கோன் குழலைத் தேடுகிறார்கள். பிதுக்கும்போது வினாகிரி மணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது இறுகும்போது அசற்றிக் அமிலத்தை விடுகிறது. இரும்பு விளிம்பில் அமிலம் என்றால் அடுத்த வருடத் துருவை இன்றே விதைப்பது. அதோடு, அது இறுகியதும் இறப்பரை இரும்போடு கட்டிவிடும். அசையவேண்டியது அசையாது. வேண்டுமானால் இறுகாத கறுப்பு மஸ்ரிக்கை வெளி உதட்டின் கீழ் மெல்லிய கோடாக விடலாம். எனக்கு அதுவும் கடைசி வழிதான்.

நாங்கள் எதுவும் பூசவில்லை. மாரி தொடங்கியதும், பெரியம்மா இருந்த இடத்தில் என்னை இருத்தி மருமகன் காரை ஓட்டினான். பரந்தன், ஆனையிறவு. வாடை முகத்துக்கு நேரே. கண்ணாடியின் கீழ் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். உலர்ந்திருந்தது. இயக்கச்சி வரும்போது கால்விரல் நனைந்தது.

வீட்டுக்கு வந்து உள்பக்கம் முழுவதும் முகப்பவுடரைத் தூவினோம். நீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. ஓட்டு வீட்டில் கூரை ஒழுகும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு வந்து வேறெங்கோ சொட்டுமே, அப்படித்தான். மருமகன் வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடித்தான். வெள்ளைப் பவுடரில் ஒரு கரிய கோடு மெல்ல இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு விரலை மேலே கொண்டுபோனேன். பீடிங் உலர்ந்தே இருந்தது. கோடு வைப்பரின் அச்சு உடலைத் துளைத்து வரும் இடத்தில் முடிந்தது. அங்கே ஒரு சத அளவில் ஓர் இறப்பர் வளையம் இருந்தது. நகத்தால் அழுத்தினேன். குறி அப்படியே நின்றது.

அடுத்த நாள் பியூட்டைல் ரியூப் ஒன்றிலிருந்து புது வளையம் வெட்டினோம். பியூட்டைல் இறப்பரில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு. துளையை அச்சைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டத்தான் முதலில் நினைத்தேன். பிறகு இழுபடும் என்று ஞாபகம் வந்தது. சரியான அளவில் வெட்டி, இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நட்டை இறுக்கி அமுங்கவிட்டேன்.